கரையாத கல்லில் குகை எப்படி வரும்?

உத்திரமேரூர்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது குடவோலை. முதலாம் பராந்தகன் காலத்துல, 919லயும் 921லயும், ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கிற விதிமுறையை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல வெட்டி வச்சாங்க. ஆயிரத்து நூறு வருஷம் கழிச்சும் அதைப் படிக்க முடியுது. எழுத்தை இப்படிக் காப்பாத்துற அதே கெட்டித்தன்மைதான் இன்னொரு கேள்விக்கும் பதில். இந்தப் பக்கம் இத்தனை பாறைக்குன்று இருக்கே, போரா குகை மாதிரி உள்ளே நடந்து போற பெரிய குகை ஏன் ஒண்ணுகூட இல்ல?

முதல்ல அந்த மாதிரிக் குகை எப்படி உருவாகுதுன்னு பார்ப்போம். மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும்போது அங்க இருக்கிற கரியமில வாயுவைக் கரைச்சு எடுத்துக்கும். அப்போ அது லேசான அமிலமா மாறுது. நாம குடிக்கிற சோடாவோட சாது வடிவம்னு வச்சுக்கலாம். இந்தத் தண்ணி சுண்ணாம்புப் பாறையோட விரிசல்ல இறங்கினா பாறை கரையும். விரிசல் ஓட்டையாகும், ஓட்டை சுரங்கமாகும். ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான வருஷத்து வேலை இது. ஆந்திராவில் போரா, பேலம் குகைகள் இப்படித்தான் வந்தன. மேகாலயாவில் இருக்கிற மவ்ம்லூ குகையும் அப்படித்தான். அங்கே சொட்டுச் சொட்டாக வளர்ந்த ஒரு கல் தூணை ஆராய்ந்துதான் சுமார் 4,200 வருஷத்துக்கு முன்னாடி வந்த பெரிய வறட்சியின் தடயத்தைக் கண்டுபிடித்தார்கள். 2018ல் அந்தக் காலகட்டத்துக்கு உலக அளவில் ‘மேகாலயன்’ என்றே பெயர் வைத்தார்கள். குகை மழையோட டைரியும்கூட.

காஞ்சிபுரம் பக்கம் கதை வேற. இங்கே இருப்பது சார்னோக்கைட்டும் அதைச் சேர்ந்த கடினமான பாறைகளும். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான். தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893ல் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். நம்ம பல்லாவரம் கல்லுக்கு கல்கத்தாக்காரர் பெயர்! பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில், சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்னாடி உருவான கல் இது. சோடாத் தண்ணிக்கெல்லாம் இது கரையாது.

அதுக்காக இந்தக் கல் மாறவே மாறாதுன்னு இல்ல. மேலே இருந்த பாரமெல்லாம் அரிச்சுப் போனதும் பாறை லேசா விரியும், வெங்காயத்தோல் மாதிரி அடுக்கடுக்காப் பிளக்கும். அந்தப் பிளவுல தண்ணி நின்னு, கல்லுக்குள்ள இருக்கிற சில கனிமங்களைக் களிமண்ணாக்கும். ஒருநாள் ஒரு பலகை கீழே விழும். மிச்சம் நிக்கிறது ஒரு கூரை. குகைன்னு நாம சொன்னாலும் அது உண்மையில் பாறை ஒதுங்கிடம்தான். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றைத் தாண்டி, மாமண்டூர் குன்றில் அப்படி ஓர் இயற்கை ஒதுங்கிடம் இருக்கு. அதுல தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒண்ணு. பல்லவர்களுக்கு முன்னாடியே யாரோ அந்தக் கூரையைத் தேடி வந்திருக்காங்க.

இன்னும் பின்னாடி போகணும்னா குடியம் போகணும். இப்போ அது திருவள்ளூர் மாவட்டம். 1997ல் பிரிக்கும் வரை காஞ்சிபுரமும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம்தான். குடியத்தில் பாறை வேற மாதிரி. டைனோசர் காலத்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டின கூழாங்கல்லும் மணலும் இறுகிக் கெட்டியான அடுக்குகள். மென்மையான அடுக்கு முதல்ல உதிரும், கெட்டியானது மேலே கூரையா நிக்கும். உதிர்ந்து விழுந்த கூழாங்கற்கள் என்ன ஆச்சு? ஆதி மனிதன் எடுத்துக் கோடரி செஞ்சான். பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அந்தக் கருவிகளைக் கண்டார். சாந்தி பப்புவின் குழு 2011ல் அவற்றின் வயதை சுமார் 15 லட்சம் வருஷம் என்று வெளியிட்டது. மலை உதிர்ந்தது, மனுஷனுக்கு வீடும் ஆயுதமும் கிடைச்சது.

இயற்கை குகை தராத இடத்தில் பல்லவர்கள் உளியை எடுத்தாங்க. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் செய்ததாக மண்டகப்பட்டில் பெருமையாக எழுதி வைத்தான். அதே மாமண்டூர் குன்றிலும் குடைவரைகள் இருக்கு. எப்படிக் குடைஞ்சாங்கன்னு பார்க்க மாமல்லபுரத்துல முடியாம நிக்கிற குடைவரைகளைப் பாருங்க. பாறை முகப்பைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டமாச் செதுக்கி எடுத்திருக்காங்க. தண்ணி செய்யாததை மனுஷன் சில வருஷத்துல செஞ்சான்.

இப்போ நாம செய்யறது இன்னும் வேகம். உத்திரமேரூரைச் சுத்தி கல் குவாரிகளும் கிரஷர்களும் நிறைய. குன்று வெடிக்குது, ஜல்லியாகுது, எம்-சாண்ட் ஆகுது, லாரியில ஏறிச் சென்னைக்கு வருது. இதை நீங்க கேட்டுட்டு இருக்கிற அபார்ட்மென்ட்டிலும் அப்படி ஒரு குன்று கலந்திருக்கலாம். வீடு வேணும், ரோடு வேணும், அங்க வேலை பார்க்கிறவங்களுக்குக் கூலி வேணும், அதை மறுக்கல. ஆனா மாமண்டூர் மாதிரி பட்டியலில் ஏறின குன்றுக்குத்தான் பாதுகாப்பு. பட்டியலில் இல்லாத குன்றில் ஒரு ஒதுங்கிடமோ நாலு எழுத்தோ இருந்தா, வெடி வைக்கிறவருக்கு அது தெரியப் போறதில்ல. குத்தகை கொடுக்கிறதுக்கு முன்னாடி, கல்வெட்டு படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் குன்றை ஒருமுறை சுத்தி வந்து பதிவு பண்ணணும்னு கேட்கிறது பெரிய விஷயம் இல்ல.

கரைஞ்ச சுண்ணாம்புக் குகையில சொட்டும் தண்ணி மறுபடி ஒரு தூணை வளர்க்கும். சார்னோக்கைட் குன்றுக்கு அந்த வசதி இல்ல. போனா போனதுதான்.

உங்க ஊர்க் குன்றில் பழைய எழுத்தோ படுக்கையோ கண்ணில் பட்டா, சுண்ணாம்பு தடவாம, தண்ணி ஊத்தாம, ஒரு போட்டோ எடுத்துத் தமிழ்நாடு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.