சீருடையும் உபகாரச் சம்பளமும்



கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்னாம் வட்டாரத் தோட்டங்களில் பிள்ளை ஐந்தாம் படிவத்தை முடித்ததும் பெற்றோருக்கு வரும் கவலை ஒன்றுதான்: மேற்படிப்புக்குப் பணம் எங்கே? பகுதி நேரமாகப் பட்டாளத்தில் சேர்ந்தால் அரசாங்கமே கல்லூரியில் படிக்க வைக்கும் என்று நம்புவோரும் உண்டு. அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு நம் நாட்டில் எப்படி மாறிவிடுகிறது என்பதை இன்று பார்ப்போம்.

படைச் சேவைக்குக் கல்லூரிப் படிப்பைக் கைம்மாறாகத் தரும் ஏற்பாட்டைப் பெரிய அளவில் செய்து காட்டிய நாடு அமெரிக்கா. இரண்டாம் உலகப் போர் முடியும் முன்பே, 1944 ஜூன் 22-ஆம் நாள், அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். போரிலிருந்து திரும்புபவருக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணமும், மாதந்தோறும் கைச்செலவுப் பணமும் அச்சட்டப்படி கிடைத்தன. 1956-க்குள் ஏறத்தாழ 22 லட்சம் பேர் அதனால் கல்லூரிப் படி ஏறினார்கள். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அவர்களில் இருந்தார்கள்.

ஆனால் அந்தச் சட்டம் முழுநேரமாகப் போரில் இருந்தவர்களுக்கானது. வார இறுதியில் மட்டும் பயிற்சிக்கு வரும் பகுதி நேர வீரர்களுக்குத் தனி ஏற்பாடு 1984-இல் சட்டமாயிற்று. 1985 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் நிபந்தனைகளைக் கவனியுங்கள். ஆறு ஆண்டுகள் சேவை செய்வதாக ஒப்பந்தம் செய்ய வேண்டும். உயர்நிலைப் பள்ளியை முடித்திருக்க வேண்டும். தொடக்கப் பயிற்சியை நிறைவு செய்ய வேண்டும். அதன் பிறகும் பயிற்சிக்குத் தவறாமல் வந்தால்தான் உதவி தொடரும். அதுவும் 36 மாதங்கள் வரைதான். ஆகவே அங்கேகூடப் பள்ளிப் படிப்பை முடிக்காதவனுக்குச் சீருடை மட்டும் கல்லூரிக் கதவைத் திறக்கவில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1902-இல் மலாய் மாநிலங்களில் அமைந்த தொண்டர் துப்பாக்கிப் படை, துரைமாரும் வெள்ளைக்கார அதிகாரிகளும் சேர்ந்த படை. பால்மரம் வெட்டிய நம் முன்னோருக்கு அதில் இடமில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. அந்தப் பள்ளியோ தொடக்கக் கல்வியோடு நின்றது. 1941-இல் பக்கத்து மாவட்டமான கிள்ளானில் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் வேண்டும் என்று கேட்டார்கள். அன்று அடக்குமுறைக்குப் படைகள் அழைக்கப்பட்டன, உயிர்களும் போயின. கல்விக்காக நம்மவர் கொடுத்த விலை அது.

1948 முதல் 1960 வரை அவசரகாலம். சிறப்புக் காவலர்கள் தோட்டங்களைக் காத்தார்கள்; 1950 முதல் ஊர்க்காவல் படையினர் இரவுக் காவல் நின்றார்கள். விடுதலைக்குப் பின், 1958-இல், 'அஸ்கார் வாத்தானியா' எனும் பகுதி நேரப் படை உருவாயிற்று. பயிற்சிக்கு வரும் நாட்களுக்கு அதில் அலவன்ஸ் உண்டு. ஆனால் அமெரிக்கச் சட்டம் தந்தது போன்ற கல்லூரிக் கட்டண உரிமை அதனோடு பிறக்கவில்லை.

நம் நாட்டில் கல்லூரியையும் பகுதி நேரப் படையையும் இணைக்கும் பாலம், பல்கலைக்கழகங்களில் உள்ள 'பலாப்பெஸ்' எனும் சேமப்படை அதிகாரிப் பயிற்சி அணி. மூன்றாண்டுப் பயிற்சியை முடிப்பவர், சேமப்படையில் 'லெப்டினன் மூடா' எனும் இளநிலை அதிகாரி ஆகிறார். பயிற்சிக்கு அலவன்ஸும் பெறுகிறார். ஆனால் அந்த அணியில் சேர, முதலில் பல்கலைக்கழக மாணவராக இருக்க வேண்டும்.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது, நேயர்களே. அமெரிக்காவில் பகுதி நேரப் படை கல்லூரி வாசலுக்கு வெளியே நின்று ஆளை உள்ளே அனுப்புகிறது. நம் நாட்டிலோ அது வாசலுக்கு உள்ளே நிற்கிறது. வாசலைத் தாண்டத் தேர்ச்சிதான் வழி. சீருடை அணிந்தால் படிப்பு தானே வரும் என்று எண்ணி, நடுவில் பள்ளியை விட்ட பிள்ளை இரண்டையும் இழப்பான்.

பத்தாங் பெர்ஜுந்தை இன்று பெஸ்தாரி ஜெயா என்ற பெயரில், சிலாங்கூர்ப் பல்கலைக்கழக வளாகம் உள்ள ஊராகிவிட்டது. கல்லூரி தோட்டத்துப் பக்கமே வந்துவிட்டது. செலவுக் கவலைதான் தீரவில்லை. ஆகவே எந்த உபகாரச் சம்பளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உதவி எழுத்தில் உறுதி செய்யப்பட்டிருக்கிறதா? அதற்குமுன் என்ன தேர்ச்சி வேண்டும்? இடையில் விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா?

நாட்டுக்குச் சேவை செய்வது பெருமை. அந்தப் பெருமையைப் படித்த பிள்ளையாகச் சென்று நம் பிள்ளைகள் அடையட்டும்.