தந்தை நட்ட இறப்பர் மரம்

சப்பிரகமுவ மாகாணத்துக் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் என்றதும் பெருந்தோட்டங்களே பலர் நினைவில் எழும். அவற்றின் எல்லைக்கு அப்பால், ஓர் ஏக்கரும் இரண்டு ஏக்கருமாகக் குடும்பங்கள் பேணி வந்த இறப்பர் நிலங்களுக்கும் வரலாறு உண்டு.

இறப்பர் இம்மண்ணுக்குரிய மரமன்று. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. அக்கன்றுகளுள் சுமார் 1,900 அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பெற்று, ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வேரூன்றின. மோட்டார் வண்டிகள் பெருகவே இறப்பர் விலை 1910இல் உச்சத்தை எட்டிற்று. கம்பெனிகள் காடு திருத்தின. கிராமத்தாரும் தம் மேட்டுநிலங்களில் கன்று நட்டனர். விடியலில் பால்வெட்டி, சிரட்டையில் ஏந்தி, உறையவைத்துத் தகடாக்கி, புகையூட்டி விற்பது குடும்பத் தொழிலாயிற்று.

1942இல் மலாயா ஜப்பானியர் வசமானதும் நேச நாடுகளுக்கு இலங்கை இறப்பர் இன்றியமையாததாயிற்று. மரத்தின் ஆயுளைக் கருதாமல் பட்டை வெட்டப்பட்டது. போர் முடிந்தபோது பல மரங்கள் களைத்து நின்றன.

அப்போதுதான் கடினமான வினா எழுந்தது. முதிர்ந்த மரம் சிறிதே தரும். ஆயினும் இன்றே தரும். புதுக்கன்றோ ஆறேழு ஆண்டுகள் ஒன்றுந் தராது. கம்பெனி பகுதி பகுதியாக மறுநடுகை செய்யலாம். ஓர் ஏக்கரே உடையவன் அதனை வெட்டிவிட்டால் அடுப்பெரிவது எங்ஙனம்? தந்தையின் நிலம் பிள்ளைகள் பலருக்குப் பிரிபடாத பங்காக இருப்பின், வெட்டுபவர் யார், செலவிடுபவர் யார்?

1952இல் சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டில் மறுநடுகைக்கு அரசாங்க மானியம் வழங்கச் சட்டம் வந்தது. உயர்ரக ஒட்டுக்கன்றுகள் சிறு நிலங்களையும் அடைந்தன. காத்திருப்பின் சுமை குறைந்தது. ஆனால் பங்காளிகளின் வழக்கு பணத்தால் மட்டும் தீர்வதன்று. மரத்தின் பயன்தரு காலம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகலின், தலைமுறைதோறும் அவ்வினா திரும்பி வந்தது.

அயலிலிருந்த பெருந்தோட்டத்தில் அதே கத்தியைப் பிடித்த தமிழ்த் தொழிலாளர் பலருக்கோ அவ்வினாவே எழவில்லை. தலைமுறைகளாகப் பால்வெட்டியும் அவர்கள் பெயரில் ஒரு மரமில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையும் இல்லாதாயிற்று. எஞ்சியோருக்கு அது 2003இல்தான் கிடைத்தது. தந்தை நட்ட மரத்தை வெட்டுவதா, விடுவதா என்று கலங்குவதற்கும் மரபுரிமை வேண்டும்.