சாவா மூவாப் பேராடும் இரண்டு பைசாவும்

நாமக்கல்லிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் என்றோர் ஊர் உண்டு. பெயரிலேயே சத்திரத்தைச் சுமந்து நிற்கும் ஊர்கள் தமிழகத்தில் பல. சத்திரம் என்னும் சொல் ஒரு கட்டடத்தை மட்டும் குறிப்பதன்று. அதை நடத்துவதற்கு விடப்பட்ட நிலம், அந்நிலத்தின் விளைச்சல், அதற்குக் கணக்கு எழுதியவர் ஆகிய யாவும் அச்சொல்லுக்குள் அடங்கும். கட்டுவது ஒரு தலைமுறையின் வேலை; காப்பது பல தலைமுறைகளின் வேலை. இதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர் என்பதற்குக் கோயில் கல்வெட்டுகளே சான்று. அவ்வறிவை அளவுகோலாகக் கொண்டு, நம் காலத்தின் நெடுங்காலக் கடன் ஒன்றை, அதாவது அணுமின் நிலையங்களை மூடிக் கலைப்பதற்கான செலவை, இங்கு அளந்து பார்க்க விழைகிறோம்.

ஆடுகள் சாகாத விதம்

சோழர் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு எரிப்பதற்கான கொடைகள் ஏராளம். முதலாம் ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளின்படி ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். நாள்தோறும் ஓர் உழக்கு நெய். இத்தகைய ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் குறிக்கும். தனி ஆடு மூப்படையும், சாகவும் செய்யும். ஆனால் அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர், இறந்தவற்றை ஈன்ற குட்டிகளால் ஈடுசெய்து எண்ணிக்கை குறையாமல் காக்கக் கடமைப்பட்டவர். ஆகவே மந்தைக்குச் சாவில்லை. முதல் அழியாமல் பயனை மட்டும் எடுத்துச் செலவிடும் வைப்புநிதி என்று இதனை இன்றைய மொழியில் கூறலாம்.

இம்முறையில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. செலவு முன்னரே கணிக்கப்பட்டு அதற்கேற்ற முதல் ஒதுக்கப்பட்டது. பொறுப்பாளர் இன்னார் என்பது வரையறுக்கப்பட்டது. இவ்விரண்டும் எவரும் படித்தறியும்படி கல்லில் வெட்டப்பட்டன. கொடை சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிற்கும் என்று எழுதியவர்கள், அதற்கு வேண்டிய ஏற்பாட்டையும் உடன் எழுதினார்கள்.

உலை அணைந்த பின்னும்

அனல்மின் நிலையத்தை மூடினால் இரும்பைப் பழைய இரும்புக் கடைக்கு விற்றுவிடலாம். அணு உலையின் நிலை வேறு. பல்லாண்டுகள் நியூட்ரான்களின் தாக்குதலுக்கு உட்பட்ட எஃகும் கான்கிரீட்டும் தாமே கதிரியக்கம் உடையவையாகிவிடுகின்றன. எஃகில் தோன்றும் கோபால்ட்-60 பாதியாகக் குறைய ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேலாகும். எனவே சில பத்தாண்டுகள் காத்திருந்து பிரிப்பதும் உண்டு. எரிந்த எரிபொருளிலுள்ள புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவோ ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் வேண்டும். மின்சாரத்தைத் துய்ப்பவர் ஒரு தலைமுறையினர். காவல் காப்பவர் இன்னும் பிறவாதோர்.

கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையத்தில் முதல் அலகு 1984 ஜனவரியிலும் இரண்டாம் அலகு 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. முதல் அலகு 2018 ஜனவரியில் நிறுத்தப்பட்டு நெடுங்காலம் உற்பத்தியின்றிக் கிடந்தது. ராஜஸ்தானத்தின் ராவத்பாட்டாவில் 1973இல் உற்பத்தி தொடங்கிய முதல் அலகு 2004இலேயே நின்றுபோயிற்று.

இவற்றைக் கலைப்பதற்கென்று விற்கப்படும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்திலும் 2 பைசா ஒதுக்கும் முறை 1990களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. தென்னக மின்தொகுப்பில் கலந்து வருவதால், மேட்டூர் நிலக்கரி எது, கல்பாக்கத்து யுரேனியம் எது என்று புதுச்சத்திரத்து வீட்டு விளக்கைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஆயினும் கல்பாக்கத்துப் பங்கு எவ்வளவு உண்டோ அவ்வளவுக்கு இந்த 2 பைசாவும் அதில் அடக்கம்.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். 220 மெகாவாட் உலை ஒன்று 80 விழுக்காட்டுத் திறனில் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 154 கோடி யூனிட் கிடைக்கும். அதற்கு 2 பைசா வீதம் சுமார் 3 கோடி ரூபாய். 40 ஆண்டுகளுக்கு, வட்டி நீங்கலாக, ஏறத்தாழ 123 கோடி ரூபாய். அமெரிக்காவின் மெய்ன் யாங்கி நிலையம் (சுமார் 860 மெகாவாட்) 1997இல் மூடப்பட்டு 2005இல் கலைத்து முடிக்கப்பட்டபோது ஏறத்தாழ 50 கோடி டாலர் செலவாயிற்று. அளவும் வேறு, கூலியும் வேறு. நேருக்கு நேர் ஒப்பிடுதல் தகாது. வைப்புநிதிக்கு வட்டியும் சேரும், அரசே உரிமையாளராதலால் குறைவதை அரசு ஈடுசெய்யும் என்ற வாதத்திலும் பொருளுண்டு. ஆனால் அங்கே உலை போன பின்னும் எரிந்த எரிபொருள் கலன்களில் அடைபட்டு அதே இடத்தில் காவலோடு இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

கணக்குத் தணிக்கையாளர் கண்டது

2012 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இவ்வகையில் முக்கியமான ஆவணம். உலைகளைக் கலைப்பது பற்றி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1998இல் கையேடு வெளியிட்டிருந்தது. அதன்பின் 13 ஆண்டுகள் கழிந்தும் முப்பதாண்டு ஓடிய நிலையங்களுக்கும், நிறுத்தப்பட்ட நிலையங்களுக்கும்கூடக் கலைப்புத் திட்டம் இல்லை என்று அறிக்கை சுட்டியது. அதற்கான நிதி ஒதுக்கீட்டை 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் வலியுறுத்தவில்லை என்றும், நிதி போதுமா என்பதை உறுதி செய்வதில் வாரியத்துக்குப் பங்கில்லை என்றும் கூறியது. இதற்குள் 2 பைசா நாணயமே 2011 ஜூன் 30இல் செல்லாததாகிவிட்டது!

பிற நாடுகளும் தாமதமாகவே விழித்தன. பிரிட்டனின் செல்லாஃபீல்டு வளாகத்தைத் தூய்மை செய்ய 13,600 கோடி பவுண்டு ஆகலாம் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2024இல் எழுதியது. ஜெர்மனி 2017இல் மின் நிறுவனங்களிடம் ஏறத்தாழ 2,400 கோடி யூரோவைப் பெற்றுக் கழிவுக்கெனத் தனி நிதியம் அமைத்தது. கழிவின் பொறுப்பு அரசினதாயிற்று. ஆனால் பணம் முன்கூட்டியே வாங்கப்பட்டது.

கோலார் சொல்லும் பாடம்

நம் நாட்டில் கழிவை எங்கே வைப்பது என்ற வினா 2012இல் கூடங்குளம் வழக்கில் எழுந்தபோது, கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் உச்ச நீதிமன்றத்தில் ஒலித்தது. கோலாரில் எதிர்ப்புக் கிளம்பவே, அத்தகைய எண்ணம் இல்லை என்று அரசு விளக்கியது. 2013 மே 6ஆம் நாள் தீர்ப்பில், ஆழ்நிலக் களஞ்சியம் விரைவில் அமைக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது.

வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பால் தோண்டப்பட்டது அந்தச் சுரங்கம். 2001 பிப்ரவரியில் அது மூடப்பட்டது. பொன் போன திசை தெரியவில்லை. சயனைடு கலந்த மண்மேடுகள் மட்டும் கோடிக்கணக்கான டன் அளவில் ஊருக்கு நடுவே நிற்கின்றன. காற்றடிக்கும் மாதங்களில் அப்புழுதியை உண்பவர்கள் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள். மூடும் நாளுக்கென்று யாரும் ஆடு விட்டுவைக்கவில்லை.

2025 டிசம்பரில் நிறைவேறிய சாந்தி சட்டம், 1962ஆம் ஆண்டின் சட்டத்தையும் 2010ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தையும் நீக்கி, அணுமின் துறையைத் தனியாருக்கும் திறந்துவிட்டது. அரசே உரிமையாளராக இருந்தவரை, குறைவதை அரசு பார்த்துக்கொள்ளும் என்று ஆறுதல் கொள்ள இடமிருந்தது. நிறுவனங்களோ தோன்றும், கைமாறும், நொடித்துப்போகும். அறுபது ஆண்டு கழித்து உலையைப் பிரிக்க வேண்டிய நாளில் கையெழுத்திட்டவர் எங்கே என்று தேடும் நிலை வரலாகாது.

ஒவ்வோர் உலைக்கும் கலைப்புச் செலவின் மதிப்பு, இதுவரை சேர்ந்த தொகை, பொறுப்பாளர் பெயர் ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் பொதுமக்கள் அறிய வெளியிட வேண்டும் என்று கேட்பது அணுமின்சாரத்தை எதிர்ப்பதாகாது; ஆதரிப்போரும் கேட்க வேண்டியதே. ஓர் உழக்கு நெய்க்கு 96 ஆடுகளை எண்ணிக் கல்லில் எழுதிவைத்த நாட்டில், இருபத்து நாலாயிரம் ஆண்டுக் காவலுக்கு எத்தனை ஆடுகள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.