உரையாடலா, மடலா? தமிழ்க் கணிமையின் ஆவணச் சிக்கல்

கரோல் பாக்கின் கஃபார் சந்தையில் பழுதுற்ற கைப்பேசியை நீட்டினால் சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும். ஆனால் அவ்விடை அடுத்து வருபவருக்குப் பயன்படாது. அவர் அதே வினாவை மீண்டும் கேட்டாக வேண்டும். கட்டற்ற மென்பொருளின் பயனர் உதவியில் அரட்டைக்கும் மடலாடற்குழுவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்காரினன் 1988இல் ஐஆர்சி அரட்டை முறையை உருவாக்கினார். எனினும் தொடக்ககாலத் தமிழ்க் கணிமையாளர் பெரிதும் சார்ந்திருந்தது மடலையே. 1995இல் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மடலாடற்குழுவின் வழியாகவே திஸ்கி குறியேற்றம் பற்றிய விவாதங்கள் வளர்ந்தன. பங்கேற்றோர் ஆஸ்திரேலியா, மலேசியா, சுவிட்சர்லாந்து எனப் பல நேர வலயங்களில் சிதறியிருந்தனர். ஒரே வேளையில் கூடுவது அரிது. 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பு வந்தபோதும் அது தொலைபேசி வழியிலான இணைப்பே. மடல்களை இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்து, ஆற அமரப் படித்து விடையெழுதுவதே சிக்கனம்.

அரட்டையின் சிறப்பையும் மறுத்தற்கில்லை. உதவுபவர் உடனே எதிர்வினா எழுப்பிப் பழுதின் வேரைக் கண்டறியலாம். தன் அறியாமை நிலையாகப் பதிவாகுமே என்று கூசும் புதியவருக்கு அங்கே தயக்கம் குறைவு. 'முன்னரே விடையளித்தாயிற்று, தேடிப் பாருங்கள்' என்னும் மடற்குழு மரபு பலரை விரட்டியிருக்கிறது.

ஆயினும் மொழி வரலாற்றை ஆராய்வோருக்கு மடலே சான்று. ஒரு கலைச்சொல் ஏன் ஏற்கப்பட்டது, மற்றொன்று ஏன் கைவிடப்பட்டது என்பதை அதன்வழி நாள்வாரியாகக் காணலாம்.

ஆனால் மடல் என்பதாலேயே அது நிலைத்துவிடுவதில்லை. யாகூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15 அன்று மூடப்படுவதற்கு முன்பே, அங்கு இயங்கிய தமிழ்க் குழுக்களின் சேமிக்கப்படாத மடல்கள் மறைந்தன. மாறாக, உபுண்டு திட்டம் தன் ஐஆர்சி உரையாடல்களை நாள்தோறும் பதிந்து பொதுவில் வைத்திருக்கிறது. ஊடகம் எதுவாயினும், காப்பகம் எவர் கையில் உள்ளது என்பதே முதன்மையான வினா. இன்று உதவிக் குழுக்களை வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் நடத்துவோர் இவ்வினாவை முதல் நாளிலேயே எழுப்பிக்கொள்ள வேண்டும். பழைய மடல்களைத் தம் கணினியில் வைத்திருப்போர் அவற்றை அழித்துவிடாதிருப்பதும் வரலாற்றுப் பணியே.