டெல்ஃப்ட் நகரத்து ஜவுளிக்காரரும் ஒரு வாய்க் காடியும்

ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் ஜவுளி வியாபாரம் செய்தவரும், நகர நிர்வாகத்தில் ஒரு சிறு உத்தியோகம் பெற்றவரும், டச்சு மொழியன்றி வேறு பாஷை அறியாதவருமான ஆன்டனி வான் லேவன்ஹூக், 1683-ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தம் பற்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். தினந்தோறும் உப்பினால் பல் துலக்கி, இறகுக் குச்சியால் கடைவாயைச் சுரண்டி, துணியால் அழுந்தத் துடைக்கும் நியமம் உடையவர் அவர். அப்படியிருந்தும் பல்லிடுக்கில் பிசைந்த மாவைப்போல் வெள்ளையாக ஏதோ தங்கியிருக்கக் கண்டு, அதை நீரில் கரைத்துத் தாமே செய்த பூதக்கண்ணாடியின் வழியே நோக்கியபோது, எண்ணற்ற ஜந்துக்கள் அதில் துள்ளித் திரிவதைக் கண்டார்.

இதுவரை எல்லாரும் சொல்லும் கதைதான். பலரும் விட்டுவிடுவது அதன் பின்பகுதி. கடுமையான திராட்சைக் காடியை வாயில் ஊற்றிக் கொப்பளித்துப் பார்த்தார். பல்லழுக்கிலோ ஜந்துக்கள் ஏராளமாக உயிரோடிருந்தன. அதே அழுக்கை நீரில் கரைத்து அதில் துளி காடி கலந்தபோது மட்டும் அவை உடனே மடிந்தன. காடி வெளிப்புறத்தில் இருந்தவற்றையே கொன்றது, அழுக்கின் உள்ளே ஊடுருவவில்லை என்று அவர் முடிவு கட்டினார். சர்வகலாசாலை வாசலை மிதியாத ஒருவர் இதைவிடச் சுத்தமாகத் தர்க்கித்திருக்க முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை.

ஆயினும் கிருமி சாஸ்திரம் வேறு பாதையில் சென்றது. ராபர்ட் காக் 1881-இல் வகுத்த முறைப்படி ஒவ்வொரு கிருமியையும் தனியே பிரித்து வளர்ப்பதே ஆராய்ச்சியின் இலக்கணமாயிற்று. மருந்தின் வீரியமும் வளர்ப்புத் திரவத்தில் தனித்து மிதக்கும் கிருமிகளைக் கொண்டே அளக்கப்பட்டது. 1944-இல் டப்ளின் நகரத்து ஜோசப் பிக்கர், பெனிசிலினுக்குத் தப்பிய சில கிருமிகளின் சந்ததி மறுபடி அதே மருந்துக்குப் பலியாவதைக் கண்டார். ஆகவே அவை எதிர்ப்பாற்றல் பெற்றவையல்ல, வளர்ச்சியை நிறுத்தி உறங்கியவை. வளரும் கிருமி தன் சுவரைக் கட்டும்போதுதான் பெனிசிலின் அதைத் தாக்கும். உறங்குவதை என் செய்யும்?

மலையோடைக் கற்களில் ஒட்டிய வழுவழுப்பை ஆராய்ந்த கனடா தேசத்து காஸ்டர்டன் முதலியோர் 1978-இல் எழுதிய பின்னரே, பல்லழுக்கைப்போல் கிருமிகள் தாம் சுரந்த பசையில் கூடி வாழும் உயிர்ப்படலம் விசேஷக் கவனம் பெற்றது. படலத்தின் ஆழத்தில் பிராணவாயுவும் உணவும் அருகிவிடுவதால் அங்குள்ளவை மந்தமாகிக் கிடக்கின்றன. சில மருந்துகள் பசையிலேயே தங்கிவிடுகின்றன. சிகிச்சை நின்றதும் எஞ்சியவை பெருகுகின்றன. செயற்கை மூட்டிலோ சிறுநீர் வடிக்கச் செருகிய குழாயிலோ அது படிந்துவிட்டால், மருந்தைக் கொடுத்துச் சலித்த வைத்தியர் பல வேளைகளில் அந்தச் சாதனத்தையே கழற்றி எடுக்க நேர்கிறது. காடியை நம்பாமல் குச்சியால் சுரண்டிய ஜவுளிக்காரரின் உபாயமும் ஏறக்குறைய அதுவே.