அச்சகத்துக்கு அப்பால்: லெஸ்பியன் நூல்களும் விநியோகப் பாதையும், 1928–2009

தன்பாலீர்ப்புப் பெண்களின் எழுத்துக்கு நெடுங்காலம் பதிப்பாளர் கிடைக்காமல் போனதற்குப் பதிப்பாளர்களின் தயக்கமே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. தயக்கம் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய இரு நாடுகளின் பதிப்பு வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், அச்சிட ஆள் பிடிப்பதைவிட அச்சானதை வாசகர் கையில் சேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்திருக்கிறது. எந்த வழியாகப் புத்தகம் போகிறதோ அந்த வழியே அதன் கதைமுடிவைக்கூடத் தீர்மானித்திருக்கிறது. ராட்கிளிஃப் ஹாலின் ‘தி வெல் ஆஃப் லோன்லினஸ்’ நாவலை 1928இல் லண்டனில் ஜொனாதன் கேப் துணிந்தே வெளியிட்டார். சண்டே எக்ஸ்பிரஸ் ஆசிரியர் ஜேம்ஸ் டக்ளஸ் அதைத் தாக்கி எழுதிய பிறகு விற்பனையை நிறுத்திய கேப், அச்சு வார்ப்புகளைச் சத்தமில்லாமல் பாரிசுக்கு அனுப்பி, பெகாசஸ் பிரஸ் மூலம் மறுபடி அச்சாக வழிசெய்தார். அங்கிருந்து வந்த பிரதிகள் டோவர் துறைமுகத்தில் சிக்கின. சுங்கத்துறை அவற்றை விடுவித்தும் போலீஸ் கைப்பற்றியது. நவம்பரில் நீதிபதி சார்ட்ரஸ் பைரன் அவற்றை அழிக்க உத்தரவிட்டார். அமெரிக்காவில் 1929இல் நியூயார்க் நீதிமன்றம் அதே நாவலை விடுவித்ததும், ஓராண்டுக்குள் 1 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. எழுத்து ஒன்றுதான், பாதைதான் வேறு.

இதற்கு வலுவான சான்று 1950களின் மலிவுப் பதிப்புகள். ஃபாசெட் நிறுவனம் முதலில் ஒரு விநியோகஸ்தர். சிக்னெட் வரிசை நூல்களை அதுவே கடைகளுக்கு அனுப்பிவந்ததால், போட்டியாக மறுபதிப்புகளை வெளியிடக் கூடாதென்று ஒப்பந்தம் கட்டுப்படுத்தியது. எனவே இதுவரை வெளிவராத நாவல்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்து, ‘கோல்டு மெடல்’ என்ற பெயரில் 25 சென்ட் புத்தகங்களாக மருந்துக்கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் அடுக்கியது. மாரிஜேன் மீக்கர், வின் பேக்கர் என்ற புனைபெயரில் எழுதிய ‘ஸ்பிரிங் ஃபயர்’ 1952இல் இப்படி வந்து, 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. ஆனால் கோல்டு மெடலின் பதிப்பாசிரியர் டிக் கரோல் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: காதலுக்கு நல்ல முடிவு கூடாது. புத்தகம் அஞ்சலில் போகிறது, அஞ்சல்துறை பிரித்துப் பார்த்தால் சரக்கு முழுவதும் முடங்கும் என்பதே அவர் சொன்ன காரணம். ஆகவே இரு பெண்களில் ஒருத்திக்குப் பைத்தியம் பிடிக்கிறது. மற்றவள் தான் அவளைக் காதலிக்கவே இல்லை என்று தெளிகிறாள். இங்கே பதிப்பாளர் கதவைச் சாத்தவில்லை. கடைசி அத்தியாயத்துக்கு விலை பேசினார்.

இதற்கு எதிராக ஒரு நூலைக் காட்டலாம். பாட்ரிசியா ஹைஸ்மித்தின் ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’ நாவலை ஹார்பர் மறுத்தது. கோவர்ட்-மெக்கன் 1952இல் கிளேர் மார்கன் என்ற புனைபெயரோடு வெளியிட்டது. மறு ஆண்டு பாண்டம் அதை 25 சென்டுக்கு விற்றபோதும் அதன் நம்பிக்கை தரும் முடிவு மாறவில்லை. அப்படியானால் அஞ்சல்துறை அச்சம் வெறும் சாக்குதானா? நான் அப்படி நினைக்கவில்லை. கெட்டி அட்டையில் வந்து மதிப்புரை பெற்ற நூலின் மறுபதிப்பு என்ற கவசம் பாண்டத்துக்கு இருந்தது. நேராகச் சுழல் அடுக்குக்கு வந்த கோல்டு மெடல் நாவலுக்கு அது கிடையாது. ஆண்களின் கிளுகிளுப்புக்காக விற்ற சரக்கை இந்த வரலாற்றில் சேர்க்கலாமா என்ற ஆட்சேபணையும் உண்டு. வாங்கியவர்களில் ஆண்கள் ஏராளம்தான். ஆனாலும் இத்தகைய மலிவு நாவல்களை எழுதிய ஆன் பேனனுக்கு நாடெங்குமிருந்து பெண்கள் கடிதம் எழுதினார்கள். வாசகிகள் இருந்தார்கள்; அவர்களுடைய முகவரிதான் யாரிடமும் இல்லை.

அந்த முகவரிகள் முதலில் சேர்ந்த இடம் ஒரு சிற்றிதழ். சான் பிரான்சிஸ்கோவில் 1956இல் ‘டாட்டர்ஸ் ஆஃப் பிலிட்டிஸ்’ அமைப்பு தொடங்கிய ‘தி லேடர்’, பழுப்பு உறைக்குள் மறைந்து வீடுகளுக்குப் போனது. 1958இல் தன்பாலீர்ப்பாளர்களுக்கான ‘ஒன்’ இதழின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அஞ்சல்துறைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, இத்தகைய இதழ்களுக்குப் பெரிய மூச்சு. 1970இல் அமைப்பின் தலைவராயிருந்த ரீட்டா லாபோர்ட், மற்றவர்களைக் கேட்காமல் ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட சந்தாதாரர் பட்டியலை எடுத்துச்சென்றார். பார்பரா கிரியர் ஆசிரியராக இதழ் 1972 வரை ஓடியது. இதைத் திருட்டென்று சொன்னவர்கள் உண்டு; அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனால் 1973இல் வழக்கறிஞர் அனைடா மார்ச்சன்ட் உள்ளிட்டோருடன் சேர்ந்து கிரியர் தொடங்கிய நாயட் பிரஸ்ஸுக்கு அந்தப் பட்டியல்தான் முதல். மார்ச்சன்ட் சாரா ஆல்டிரிட்ஜ் என்ற பெயரில் எழுதிய ‘தி லேட்கமர்’ 1974இல் வந்தபோது, யாருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது தெரிந்திருந்தது. சிற்றிதழிலிருந்து பதிப்பகம் கிளைப்பது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. நாயட் பின்னர் ஆன் பேனனின் நூல்களை மீட்டது. ‘தி பிரைஸ் ஆஃப் சால்ட்’ மறுபதிப்புக்கு ஹைஸ்மித்துக்குச் சொந்தப் பெயரில் என்றால் 5,000 டாலர், புனைபெயரில் என்றால் 2,000 டாலர் என்றது. அவர் 2,000 போதும் என்றார்.

தரமான நூலைச் சந்தையே கண்டுகொள்ளும், தனிப் பதிப்பகம் எதற்கு என்று கேட்போர் ரீட்டா மே பிரவுனின் ‘ரூபிஃப்ரூட் ஜங்கிள்’ நாவலைக் காட்டுவார்கள். 1977இல் பாண்டம் அதன் உரிமையை 2,50,000 டாலருக்கு வாங்கியது. ஆனால் அதற்குள் டாட்டர்ஸ் என்ற சிறு பதிப்பகம், 1973இலிருந்து பெண்ணிய வழிகளில் சுமார் 70,000 பிரதிகளை விற்றுக் காட்டியிருந்தது. சந்தை கண்டுகொண்டது நூலை அல்ல, அந்த எண்ணிக்கையை. சிறு பாதைகளுக்கும் குறைகள் இருந்தன. ‘திஸ் பிரிட்ஜ் கால்டு மை பேக்’ தொகுப்பை 1981இல் வெளியிட்ட பெர்செபோன் பிரஸ் இரண்டே ஆண்டில் மூடப்பட்டது. பார்பரா ஸ்மித், ஆட்ரி லார்ட் முதலியோர் கறுப்பின, பிற நிறப் பெண்களுக்கெனத் தொடங்கிய கிச்சன் டேபிள் பதிப்பகம் இல்லையென்றால் அந்நூல் அப்போதே மறைந்திருக்கும்.

கடைகளின் பாதையும் பாதுகாப்பாக இல்லை. லண்டனில் 1984இல் தன்பாலீர்ப்பாளர் நூல்களை விற்ற ‘கேய்ஸ் த வேர்டு’ புத்தகக் கடையைச் சுங்கத்துறை சோதனையிட்டபோது கைக்கொண்டது 1876ஆம் ஆண்டுச் சட்டம். உள்நாட்டில் அச்சான நூலென்றால் அது வாசகரைக் கெடுக்கும் என்று நிறுவ வேண்டும். இறக்குமதியானதென்றால் அநாகரிகமானது என்று சொன்னாலே போதும். கடையின் சரக்கில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. கடைமீது தொடுத்த வழக்கு 1986இல் கைவிடப்பட்டது. பின்னர் நாயட் 2003இல் ஓய்ந்து, அதன் பட்டியல் பெல்லா புக்ஸுக்குப் போனது. நியூயார்க்கில் 1967இலிருந்து நடந்த, தன்பாலீர்ப்பாளர் நூல்களுக்கான ஆஸ்கார் வைல்ட் புத்தகக் கடை 2009 மார்ச்சில் மூடப்பட்டது. அடுத்த மாதமே அமேசானில் பால்புதுமையினர் நூல்கள் பல உட்பட 57,310 புத்தகங்கள் விற்பனைத் தரவரிசையை இழந்தன. வகைப்படுத்தியதில் நேர்ந்த பிழை என்று நிறுவனம் விளக்கியது. அந்த நாட்களில் எந்தப் பதிப்பகமும் அவற்றைத் திரும்பப் பெறவில்லை, எந்த நீதிமன்றமும் தடைவிதிக்கவில்லை; தேடியவர்களுக்கு மட்டும் அவற்றில் பல சிக்கவில்லை.