கப்பலில் மாலை உடை: பெட்டியும் வெயிலும் வகுப்பும்

பயணியர் கப்பல்கள் கண்டங்களை இணைத்த காலத்தில் பெட்டிகளுக்கு மூன்று வகைச் சீட்டுகள் ஒட்டுவார்கள். 'அறைக்கு' என்று ஒட்டிய பெட்டி பயணியின் படுக்கைக்கு அடியில் போகும். 'பயணத்தில் தேவை' என்று ஒட்டியது கப்பலின் அடித்தளத்தில், எட்டும் இடத்தில் இருக்கும். அதற்கென்று குறித்த நாள்களில் பயணிகள் கீழே இறங்கிப்போய்த் திறந்து மாற்றுடை எடுத்துக்கொள்ளலாம். 'பயணத்தில் தேவையில்லை' என்று ஒட்டியதைக் கரை சேர்ந்த பிறகுதான் பார்க்க முடியும். கப்பலில் எந்த மாலை என்ன உடுத்துவது என்ற வழக்கத்தின் ஒரு பகுதி இந்தச் சீட்டுகளில் பிறந்தது. ஏறிய முதல் மாலை யாரும் விருந்துடை உடுத்துவதில்லை, பெட்டி இன்னும் பிரிக்கப்பட்டிருக்காது. கடைசி மாலையும் உடுத்துவதில்லை, பெட்டி கட்டி முடிந்திருக்கும். இடைப்பட்ட மாலைகளில் உடுத்தியே ஆக வேண்டும்.

கப்பல் விருந்துடையை ரசனையின் வரலாறாக எழுதுவது வழக்கம். தையல்காரர்களின் பெயர்களும் சீமாட்டிகளின் படங்களும் அதில் நிறைய வரும். அந்த வரலாறு பொய்யில்லை, ஆனால் அதைக் கொண்டு இந்த வழக்கம் ஏன் தோன்றியது, ஏன் தளர்ந்தது என்று விளக்க முடியாது. பெட்டியில் எவ்வளவு இடம், கடலில் எவ்வளவு வெயில், ஒரே கப்பலுக்குள் எத்தனை வகுப்பு என்ற மூன்றும் சேர்ந்தே இந்த உடையை வளர்த்தன, தளர்த்தின. இவற்றில் வகுப்பே வலுவான காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

வால்கோட்டும் குட்டைக் கோட்டும்

கரையில் வழங்கிய உடையே கப்பலில் ஏறியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆங்கிலேய மேல்தட்டு ஆண்களின் இரவு விருந்துடை ஏறக்குறைய ஒரே அச்சில் வார்க்கப்பட்டுவிட்டது. முன்புறம் இடுப்போடு வெட்டி, பின்புறம் முழங்கால் வரை இரண்டு வால்கள் தொங்கும் கறுப்புக் கோட்டு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கழுத்துப்பட்டை. அதை அணிந்து நாற்காலியில் உட்காரும்போது வாலை ஒதுக்கிக்கொண்டே உட்கார வேண்டும். புகைபிடிக்கும் அறையில் சாய்ந்துகொள்ளவும் முடியாது.

வாலை வெட்டியவர்களில் முதன்மையானவராகச் சொல்லப்படுபவர் அன்றைய வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னர். லண்டன் சாவில் ரோ தெருவின் ஹென்றி பூல் தையலகம் 1865இல் அவருக்கு வால் இல்லாத ஒரு குட்டைக் கோட்டைத் தைத்துத் தந்தது. நாட்டுப்புற மாளிகையில் நெருங்கியவர்களோடு உண்பதற்கு அதுவே போதும் என்பது அவர் எண்ணம். பத்தாண்டு கழித்து, 1875இல், இந்தியாவுக்கு வர செராபிஸ் என்ற கப்பலில் ஏறியபோது, உடன் வந்தவர்கள் இரவு உணவுக்குக் குட்டையான கருநீலக் கோட்டும் கறுப்பு போ-டையும் அணிய வழிசெய்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அந்தப் பயணத்தில்தான் அவர் இலங்கையிலிருந்து தூத்துக்குடியில் வந்திறங்கி, ரயிலில் மதுரை வழியாகச் சென்னைக்குப் போனார்.

இந்தச் செய்திக்கு நான் கூடுதல் எடை தருகிறேன். வால்கோட்டிலிருந்து குட்டைக் கோட்டுக்கு மாறியதை லண்டன் விடுதிகளோடும் அமெரிக்காவில் 1886இல் தொடங்கிய டக்ஸீடோ பார்க் மன்றத்தோடும் இணைத்தே பேசுகிறார்கள். குட்டைக் கோட்டுக்கு 'டக்ஸீடோ' என்ற பெயர் அங்கிருந்து வந்தது உண்மை. ஆனால் வெப்பமண்டலத்தை நோக்கி வாரக்கணக்கில் செல்லும் ஒரு கப்பலின் உணவறை இந்த மாற்றத்துக்கு எவ்வளவு பொருத்தமான இடம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். உடையின் வரலாற்றில் கடல் இரவல் வாங்கியது மட்டுமில்லை, கொடுத்ததும் உண்டு.

செங்கடலைத் தாண்டும்போது

1840இல் அரச சாசனம் பெற்ற பெனின்சுலர் அண்டு ஓரியன்டல் நிறுவனத்தின், அதாவது பி அண்டு ஓவின், கப்பல்கள் அஞ்சலையும் அதிகாரிகளையும் சுமந்து கிழக்கே வந்தன. 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்ததும் பயணிகள் எகிப்தில் தரைவழி மாறாமல் ஒரே கப்பலில் வர முடிந்தது. அதே கப்பலில், அதே முகங்களோடு, வாரக்கணக்கில் இரவு உணவு. குடியேற்ற நாட்டுக்குப் போகும் சிறு அதிகாரிக்கு அது ஒரு பயிற்சிக்கூடம். யார் யாரை முதலில் வணங்க வேண்டும், யார் எந்த மேசையில் உட்கார வேண்டும் என்பதை பம்பாயில் கால் வைப்பதற்கு முன்பே அவர் கற்றுவிடுவார்.

செங்கடலில் அந்த ஒழுங்குக்குச் சோதனை வந்தது. இரும்புக் கப்பல், கீழே நீராவிக் கொதிகலன், பின்னாலிருந்து கப்பலின் வேகத்திலேயே வீசும் காற்று என்றால் தளத்தில் இலைகூட அசையாது. உணவு மேசைகளுக்கு மேலே பங்காக்கள் தொங்கின, அவற்றை இழுக்க ஆள்கள் அமர்த்தப்பட்டார்கள். அந்த வெப்பத்திலும் கஞ்சிச் சட்டையைக் கைவிடவில்லை. கைவிட்டது இடுப்புச் சட்டையை. அதற்கு மாற்றாக வந்தது இந்தியாவில் ஆங்கிலேயப் படை அதிகாரிகள் கண்டு எடுத்துக்கொண்ட இடைக்கச்சை. பாரசீக மொழியில் 'கமர்' என்றால் இடை, 'பந்த்' என்றால் கட்டு. 'கமர்பந்த்' ஆங்கிலத்தில் 'கமர்பண்ட்' ஆயிற்று. இன்று நியூயார்க்கில் மணமகன் டக்ஸீடோவுக்குக் கட்டும் பட்டுக் கச்சை நம் பக்கத்துக் கச்சையின் உறவுதான்.

அடுத்தபடியாகக் கோட்டே போயிற்று. கால்சட்டை, சட்டை, கச்சை மட்டும் அணிந்து இரவு உணவுக்கு வரலாம் என்ற வழக்கத்துக்கு 'செங்கடல் உடை' என்று பெயர். பிரிட்டிஷ் கடற்படையினரும் வளைகுடா நாடுகளில் பணியாற்றும் தூதரக அதிகாரிகளும் அந்தப் பெயரை இன்றும் வழங்குகிறார்கள். வெப்பநாடுகளுக்கென்று வெள்ளைக் குட்டைக் கோட்டும் 1930களில் நிலைபெற்றது. துணி கனம் குறைந்தது, நிறம் மாறியது, ஒவ்வொன்றாகக் கழன்றது. ஆனால் மாலையில் உடை மாற்ற வேண்டும் என்ற விதி கழலவில்லை. வெயில் உடையின் வடிவத்தை மாற்றியதே தவிர அதன் வேலையை மாற்றவில்லை. உடுத்தியவரை உடுத்தாதவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதே அந்த வேலை.

உணவறைக்கு வராதவர்

பிரிக்கும் வேலை எப்படி நடந்தது என்பதை மறுபக்கத்திலிருந்து எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. காந்தியின் தன்வரலாறு அதனாலேயே அரிய சான்று. 1888 செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயில் கிளைடு என்ற கப்பலில் ஏறிய பதினெட்டு வயது இளைஞர் அவர். ஆங்கிலத்தில் பேசக் கூச்சம், கத்தியும் முள்கரண்டியும் பழக்கமில்லை, எந்தப் பண்டத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கவும் துணிவில்லை. அதனால் உணவு மேசைக்கே போகாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த பழங்களையும் இனிப்புகளையும் அறைக்குள் வைத்து உண்டார். கப்பலில் கறுப்பு உடை அணிந்தார். வெள்ளை ஃபிளானல் உடையைக் கரையிறங்கும் நாளுக்கென்று பத்திரப்படுத்தினார். செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தில் இறங்கியபோது அந்த உடையில் நின்றவர் அவர் ஒருவரே. லண்டனில் பத்துப் பவுன் கொடுத்து பாண்ட் தெருவில் ஒரு மாலை உடையும் தைத்துக்கொண்டார். அந்தச் செலவை வீண் என்றே பின்னாளில் எழுதினார்.

இந்தப் பக்கங்களை வெட்கப்பட்ட ஓர் இளைஞனின் கதையாக மட்டும் படித்துவிட்டுப் போகக் கூடாது. கப்பல் நிறுவனம் அவரை உணவறைக்கு வராதே என்று தடுக்கவில்லை. தடுத்தவை உடையும் முள்கரண்டியும். எழுதாத விதி எழுதிய விதியைவிடத் திறமாக வேலை செய்தது. 1931 ஆகஸ்டில் அதே காந்தி வட்டமேசை மாநாட்டுக்காக பி அண்டு ஓவின் ராஜ்புதானா கப்பலில், இரண்டாம் வகுப்பில், அரையாடையோடு ஏறினார். நாற்பத்து மூன்று ஆண்டுகளில் உடை விதி பெரிதாக மாறிவிடவில்லை. மாறியவர் அவர்.

தமிழர்கள் மிகுதியாக ஏறிய கப்பலுக்கு வருவோம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ரஜுலா 1926இல் கட்டப்பட்டது. அதை ஓட்டிய பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம் 1914 முதல் பி அண்டு ஓ குழுமத்தைச் சேர்ந்தது. மேலே சில அறைகளில் முதல் வகுப்பினர். கீழே தளத்தில் பாய் விரித்துப் படுத்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் அவர்கள் குடும்பங்களும். அந்தத் தளத்தில் மாலைக்கென்று தனி உடை கிடையாது, ஏறிய உடைதான் இறங்கிய உடை. கப்பல் விருந்துடை பற்றிய நூல்களில் இவர்கள் வருவதே இல்லை. வந்தால்தான் மேல்தளத்துக் கோட்டின் பொருள் முழுதாக விளங்கும்.

படிக்கட்டில் இறங்குதல்

அட்லாண்டிக்கில் இதே கதை பெரும் செலவில் நடந்தது. ஹாம்பர்க் நிறுவனத்தின் அமெரிக்கா கப்பலில் 1905இல் ரிட்ஸ் பெயரில் தனி உணவகம் திறந்தார்கள். டிக்கெட்டில் அடங்கிய சாப்பாட்டை விட்டுவிட்டு, பட்டியல் பார்த்துத் தனியே காசு கொடுத்து உண்ணும் இடம் அது. முதல் வகுப்புக்குள்ளேயே இன்னொரு வகுப்பு அங்கே முளைத்தது. 1912இல் டைட்டானிக்கிலும் அப்படி ஓர் உணவகம் இருந்தது. அந்தக் கப்பல் மூழ்கிய இரவில் கோடீஸ்வரர் பெஞ்சமின் குகன்ஹைம் உயிர்காப்பு அங்கியைக் கழற்றிவிட்டு மாலை உடைக்கு மாறினார் என்று, பிழைத்த பணியாளர் ஒருவர் சொன்னதாக நாளேடுகள் எழுதின. அதை வீரமாகக் கொண்டாடுவோர் உண்டு. ஓர் உடை ஒரு மனிதனின் தன்மதிப்போடு எவ்வளவு இறுகிப்போயிருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிரெஞ்சு நிறுவனம் 1935இல் ஓட்டத் தொடங்கிய நார்மண்டி கப்பலின் முதல் வகுப்பு உணவறை ஏறத்தாழ 93 மீட்டர் நீளம். 700 பேர் ஒரே நேரத்தில் உண்ணலாம். நுழைபவர் உயரமான வாயிலைக் கடந்து படிக்கட்டில் இறங்கித்தான் மேசைக்குப் போக முடியும். உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் இறங்குபவரைப் பார்ப்பார்கள். உடைக்காகவே கட்டிய படிக்கட்டு அது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் இதற்குப் பல ஆண்டு முன்பே, 1922இல், அமெரிக்கப் பழக்கவழக்க நூலாசிரியர் எமிலி போஸ்ட் நேர்மாறாக எழுதியிருந்தார். சொகுசுக் கப்பல்களில் ஏறக்குறைய எல்லாரும் இரவு உணவுக்கு உடுத்துகிறார்கள், சிலர் நடன உடையே அணிகிறார்கள், அது மிகவும் தரக்குறைவு, உண்மையான உயர்குடியினர் கப்பலில் முழு விருந்துடை அணிவதே இல்லை என்பது அவர் தீர்ப்பு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லாரும் ஒரு வேலியைத் தாண்டத் தொடங்கியதும், உள்ளே இருந்தவர்கள் வேலியை வேறு இடத்தில் நட்டுக்கொள்கிறார்கள். புதுப் பணக்காரர் பளபளப்பாக உடுத்த, பழைய பணக்காரர் எளிமையாக உடுத்துகிறார். விதி எதுவானாலும் பிரிப்பது நிற்பதில்லை.

ஒற்றை வகுப்பு

1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. ஐந்து நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. ஊர் போய்ச் சேரக் கப்பல் ஏறுவோர் மிகவும் குறைந்தார்கள். நிறுவனங்கள் கப்பல்களைச் சுற்றுலாவுக்குத் திருப்பின. சுற்றுலாக் கப்பலில் வகுப்புத் தடுப்பு இடைஞ்சல். தளங்கள் எல்லாமும் எல்லாருக்கும் திறந்திருந்தால்தான் டிக்கெட் விற்கும். 1961இல் இரண்டு வகுப்போடு ஓடத் தொடங்கிய கான்பெரா 1970களின் முற்பகுதியில் ஒற்றை வகுப்புக் கப்பலாயிற்று. 1969இல் வந்த குயீன் எலிசபெத் 2 அட்லாண்டிக்கைக் கடக்கும்போது இரண்டு வகுப்பு, சுற்றுலாவில் ஒரே வகுப்பு.

பெட்டியும் சிறுத்தது. மயாமி போன்ற துறைகளுக்கு விமானத்தில் பறந்துவந்து கப்பல் ஏறும் பயணியின் சுமைக்கு வரம்பு உண்டு. டிரங்குப் பெட்டிகளைக் கூலியாள் சுமந்த காலத்தின் ஏழு மாலைக்கு ஏழு உடை அதற்குள் அடங்காது. ஏழு இரவுப் பயணத்துக்கு இரண்டு விருந்துடை மாலை என்ற கணக்கு இப்படித்தான் நிலைபெற்றது.

வகுப்பு போன பிறகு அந்த இரண்டு மாலைகள் ஏன் மிஞ்சின? பழைய கப்பல்களின் முதல் வகுப்பை ஓர் இரவுக்கு எல்லாரும் நடித்துப் பார்க்கலாம் என்ற ஆசையால். 1977 முதல் 1986 வரை ஓடிய 'லவ் போட்' தொலைக்காட்சித் தொடர் அந்த ஆசையை வீடுதோறும் கொண்டுபோயிற்று. கேப்டனோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வாடகைக்கு டக்ஸீடோ எடுத்தார்கள். பிரிப்பதற்கென்று பிறந்த உடை, கூடிக் களிப்பதற்கான வேடமாயிற்று. இதை வீழ்ச்சி என்று நான் கருதவில்லை. அந்த உடை தன் வரலாற்றில் செய்த நல்ல வேலை இது ஒன்றுதான்.

வேடம் என்றான பின் கட்டாயம் நிற்காது. நார்வீஜியன் என்ற சுற்றுலாக் கப்பல் நிறுவனம் 2000இல் நேரக் கட்டுப்பாடும் உடைக் கட்டுப்பாடும் தளர்ந்த பயணத்தை அறிவித்தது. செலிபிரிட்டி நிறுவனம் 2015இல் விருந்துடை மாலை என்ற பெயரையே எடுத்துவிட்டது. குனார்டு நிறுவனமோ மாலை ஆறு மணிக்கு மேல் உடை மாற்ற வேண்டும் என்ற விதியையும் விருந்து மாலைகளையும் இன்னும் காக்கிறது.

வேட்டியின் இடம்

2014 ஜூலையில் சென்னையில் ஒரு மன்றத்துக்குள் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் நுழைய விடாமல் தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே அத்தகைய தடையை நீக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியது. அந்த மன்ற விதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பி அண்டு ஓவின் உணவறை வழியாகத்தான் நம் கரைக்கு வந்தது என்பேன். அந்த விதியைக் கொண்டுவந்த கடல்வழிப் பண்பாடே இப்போது அதைத் தளர்த்திவிட்டது. விருந்து மாலைகளில் அவரவர் நாட்டு முறையான உடையும் ஏற்கப்படும் என்று பிரிட்டிஷ் கப்பல் அறிவிப்புகள் சொல்கின்றன.

ஆகவே கப்பல் ஏறும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயணச் சீட்டோடு வரும் உடைக் குறிப்பை ஒருமுறை படித்துப் பாருங்கள், நாட்டு உடைக்கு இடம் இருந்தால் வாடகைக் கோட்டுக்கு அலைய வேண்டாம். மடிப்புக் கலையாத பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அங்கவஸ்திரமும், பெண்களுக்குக் காஞ்சிபுரமும் எந்த விருந்து மாலைக்கும் முழுமையான உடை. அவற்றைப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் ஒரு சாதாரண மாற்றுடை மட்டும் போதும். முதல் மாலை பெட்டி அறைக்கு வந்து சேரத் தாமதமாகும் என்பதால் அன்றைக்கு விருந்துடை கேட்கும் வழக்கம் இன்றும் இல்லை.